கணிப்பொறி வட்டில் காவல் வரப்புகள்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் தேதியன்று ஜப்பான் நாட்டில் டொயோட்டா மோட்டார் கம்பெனியின் 14 தொழிற்சாலைகளில் உள்ள 28 உற்பத்தி வரிசைகள் ஓய்ந்து நிற்கும்படி ஆயிற்று. பகைவர் எவரேனும் கணிப்பொறிகளைத் தாக்கினரோ என்ற ஐயம் பலருக்கு எழுந்தது. செப்டம்பர் 6-ஆம் தேதி கம்பெனி வெளியிட்ட விளக்கமோ மிக எளியதாக இருந்தது. உதிரிப் பாகங்களுக்கு ஆர்டர் அனுப்பும் சர்வர்களில் ஆகஸ்டு 27-ஆம் தேதி வழக்கமான பராமரிப்பு வேலை நடைபெற்றது. சேர்ந்துபோன பழைய தகவல்களை நீக்கி ஒழுங்குபடுத்தும் அவ்வேலையின்பொழுதே வட்டில் இடம் போதாமற் போய், அமைப்பு நின்றுவிட்டது. ஆபத்துக் காலத்தில் கைகொடுக்க வேண்டிய துணை ஏற்பாடும் அதே அமைப்பில் இயங்கி வந்ததால் அதுவும் உடன் நின்றது. மேலும் கொள்ளளவு உடைய சர்வருக்குத் தகவல்களை மாற்றிய பின்னரே மறுநாள் தொழிற்சாலைகள் திறந்தன. இடத்தைக் காலி செய்யும் வேலைக்கும் சிறிது இடம் வேண்டும் என்னும் உண்மை, வீட்டைச் சுண்ணாம்பு அடிப்பவர்க்குத் தெரிந்த அளவு கணிப்பொறியை நிர்வகிப்பவர்க்கு எப்பொழுதும் நினைவில் இருப்பதில்லை.

நமது நாட்டில் இன்று மாவட்ட அலுவலகம், வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கல்லூரி ஆகியவற்றில் எங்கேனும் ஓர் அறையில் ஒரு சர்வர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். மழைமானிக் கணக்கு, மண் பரிசோதனை முடிவு, மாணவர் மதிப்பெண், ஓய்வூதியம் பெறுவோர் பட்டியல் முதலியன அதன் வட்டில் தங்கியுள்ளன. அதைக் கவனித்துக்கொள்பவர் பல இடங்களில் வேறு வேலைக்கென நியமிக்கப்பெற்ற ஊழியராகவோ ஆசிரியராகவோ இருப்பார். லினக்ஸை நிறுவும் நாளில் அவர் முன் வரும் கேள்விகளுள் முக்கியமானது, வட்டு முழுவதையும் ஒரே பரப்பாக விடுவதா, பல பிரிவுகளாகப் பிரிப்பதா என்பது. டெபியன் லினக்ஸின் நிறுவல் நிரல், எல்லாக் கோப்புகளும் ஒரே பிரிவில் இருக்கட்டும் என்னும் விடையை முதலில் காட்டி, புதியவர்க்கு ஏற்றது என்ற குறிப்பையும் சேர்த்திருக்கும். நேரமில்லாதவர் அதையே ஏற்றுக்கொள்வர். தனியொருவரது மேசைக் கணிப்பொறிக்கு அது தவறாகாது. பலர் வந்து போகும் சர்வருக்கு அது பொருந்துவதில்லை.

காரணம் யாதெனில், சர்வரின் வட்டில் உள்ள கோப்புகள் யாவும் ஒரே இயல்பின அல்ல. இயக்க முறைமையும் நிரல்களும் மாதத்திற்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்பொழுது மட்டுமே மாறுவன. பயனர்களின் சொந்தக் கோப்புகள் நாள்தோறும் மாறுவன. அவற்றின் உள்ளடக்கம் என்னவென்று நிர்வாகி அறியார். தற்காலிகக் கோப்புகள் தோன்றிய வேகத்தில் மறைய வேண்டியவை, மறையாமலும் போவதுண்டு. நிகழ்ச்சிப் பதிவேடுகளோ எவர் கையும் படாமல் தாமே வளர்வன. இந்நான்கையும் ஒரே பரப்பில் விடுவது, வரப்பே இல்லாத நிலத்தில் நெல்லும் கரும்பும் பயிரிட்டு ஒரே மடையிலிருந்து நீர் பாய்ச்சுவதை ஒக்கும். ஒரு பயிருக்கு வந்த வெள்ளம் மற்றதையும் அழுகச் செய்யும். வட்டைப் பிரிப்பது வரப்பு எடுப்பதாகும். நீர் ஒரு பாத்தியில் பெருகினாலும் அடுத்த பாத்திக்குச் செல்லாது. அன்றியும் ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனி விதிகளை வகுக்கலாம்.

பழைய தேவையிற் பிறந்த முறை

இயங்கும் வட்டில் தகவலைச் சேமிக்கும் முறை 1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனியின் ராமாக் என்னும் கணிப்பொறியுடன் விற்பனைக்கு வந்தது. இருபத்து நான்கு அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கின. இன்று ஒரு கைப்பேசிப் புகைப்படம் அவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது. இத்துணைச் சிறிய வட்டைப் பிரிக்க எவரும் எண்ணவில்லை. வட்டுகளைச் சேர்ப்பது எப்படி என்பதே அக்காலத்துக் கவலை.

அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1969-இல் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் இக்கவலைக்கு நேர்த்தியான விடை கண்டனர். ஒரு வட்டில் உள்ள கோப்புத் தொகுதியை மற்றொரு வட்டின் ஏதேனும் ஒரு கோப்பகத்தின்மேல் பொருத்திவிட்டால், பயனர் கண்ணுக்கு எல்லாம் ஒரே மரத்தின் கிளைகளாகத் தோன்றும். இச்செயலுக்கு 'மவுண்ட்' என்று பெயர். 1974-இல் அவ்விருவரும் வெளியிட்ட கட்டுரையில் தங்கள் சொந்த இயந்திரத்தின் அமைப்பையும் விவரித்துள்ளனர். தலைமைக் கோப்பகமாகிய 'ரூட்' ஒரு வட்டில் இருந்தது. பயனர்களின் கோப்புகள் அடங்கிய பெரிய வட்டு இயந்திரம் தொடங்கும்பொழுது அதனுடன் பொருத்தப்பட்டது. எஞ்சிய சிறிய வட்டு இயக்கிகளில் பயனர்கள் தத்தம் வட்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்து பொருத்திக்கொள்ளலாம். இடப் பற்றாக்குறையால் எழுந்த இந்த ஏற்பாடு பிற்காலத்தில் பாதுகாப்புக்கு உதவும் கருவியாயிற்று. ஒரு கோப்புத் தொகுதியில் உள்ள கோப்புக்கு மற்றொரு தொகுதியிலிருந்து இரண்டாம் பெயர் சூட்ட முடியாது என்ற தடையையும் அக்கட்டுரையிலேயே காணலாம். இது கணக்கு வைத்துக்கொள்ளும் வசதிக்காக விதிக்கப்பட்ட தடை. அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

நிறைந்துபோகும் வட்டு

முதலாவது அபாயம் வட்டு நிறைந்துபோதல். 'வார்' என்னும் கோப்பகத்தினுள் பதிவேடுகள், அஞ்சல் வரிசை, அச்சுக்குக் காத்திருக்கும் ஆவணங்கள், பெரும்பாலான தகவல் தளங்கள் ஆகியன உள்ளன. இணையத்துடன் இணைந்த எந்தச் சர்வரையும் அயலார் கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிப் பார்த்த வண்ணம் இருப்பர். ஒவ்வொரு தட்டலும் பதிவேட்டில் ஒரு வரி. ஒருவர் வேண்டுமென்றே கோடிக்கணக்கான தவறான முயற்சிகளைச் செய்தால், உள்ளே நுழையாமலேயே வட்டை நிரப்பிவிடலாம். ஒரே பிரிவாக உள்ள வட்டு நிறைந்தவுடன் தகவல் தளம் எழுத இடமின்றித் தயங்கும், அஞ்சல் நிற்கும், நிர்வாகியே உள்ளே நுழைந்து சரிசெய்ய முயன்றால் அவரது கட்டளைகள் சிலவும் தற்காலிகக் கோப்புக்கு இடமின்றித் தோற்கும். இவற்றினும் கேடானது ஒன்றுண்டு. வட்டு நிறைந்தபின் நடப்பவை எவையும் பதிவாவதில்லை. திருடன் வருமுன் விளக்கை அணைத்ததற்கு இது சமம்.

லினக்ஸில் வழங்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறை, இடத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தலைமைப் பயனராகிய ரூட்டுக்கு ஒதுக்கி வைக்கிறது. சாதாரணப் பயனர் வட்டை நிரப்பினாலும் நிர்வாகிக்கு இந்த இடம் எஞ்சும். ஆயினும் ரூட்டின் உரிமையில் இயங்கும் நிரல் ஒன்று கட்டுமீறி எழுதினால் இந்த ஒதுக்கீடும் கரைந்துவிடும். ஆகவே அதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

இடம் மிஞ்சியிருக்க, கோப்புகளின் எண்ணிக்கையே தொல்லையாவதும் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' எனப்படும் குறிப்பேடு ஒன்று தேவை. எக்ஸ்ட்4 முறையில் அவற்றின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும்பொழுதே நிலைப்படுத்தப்படுகிறது. லட்சக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகள் அவற்றைத் தீர்த்துவிட்டால், பாதி வட்டு காலியாக இருந்தும் புதுக் கோப்பு ஒன்றையும் தொடங்க இயலாது. கோப்புகளின் பெருக்கம் எங்கெல்லாம் இடர் செய்யும் என்பதற்கு வானவெளியிலும் சான்று உண்டு. செவ்வாய்க் கிரகத்தில் 2004 ஜனவரியில் இறங்கிய அமெரிக்காவின் ஸ்பிரிட் ஊர்தி, இறங்கிய சில வாரங்களுக்குள் பேச்சிழந்தது. அதன் நினைவகத்தில் பயணக் காலத்திலிருந்து சேர்ந்திருந்த கோப்புகள் மிகுதியானதால், அவற்றின் பட்டியலைத் தாங்க முடியாமல் கணிப்பொறி மீண்டும் மீண்டும் தன்னைத்தானே தொடங்கிக்கொண்டிருந்தது. அந்த நினைவகத்தைப் பொருத்தாமலேயே கணிப்பொறியைத் தொடங்கச் செய்து, பின்னர்க் கோப்புகளை நீக்கிப் பொறியியலாளர் அதனை மீட்டனர். பூமியில் உள்ள அலுவலகத்திலும் இதே வைத்தியம் செய்யலாம். நிறைந்த பகுதி தனியாக இருந்து, அதைப் பொருத்தாமல் இயந்திரத்தைத் தொடங்க முடியுமானால்.

இங்கே பலர் ஒரு படியில் நின்றுவிடுகின்றனர். 'வார்' கோப்பகத்தை மட்டும் தனிப் பிரிவாக்கி, அதோடு வேலை முடிந்ததென எண்ணுகின்றனர். தகவல் தளமும் பதிவேடும் இரண்டும் அதனுள்ளேயே இருப்பதால், ஒன்று மற்றதை நெருக்கும் ஆபத்து அப்படியே உள்ளது. ஆகையால் 'வார்' கோப்பகத்தினுள் இருக்கும் 'லாக்' கோப்பகத்துக்குத் தனியாக ஒரு வரப்பு வேண்டும். சி.ஐ.எஸ். எனப்படும் இன்டர்நெட் பாதுகாப்பு மையம் லினக்ஸுக்கென வெளியிடும் அளவுகோல்களில், தணிக்கைப் பதிவேட்டுக்கும் ஒரு தனிப் பிரிவு பரிந்துரைக்கப்பட்டுள்ளது. பதிவேட்டுப் பிரிவு நிறைந்த பின்னும் சேவை தொடரலாமா, அல்லது பதிவின்றி இயங்குவதைவிட இயந்திரம் நிற்பதே மேலா என்பதை அலுவலகமே தீர்மானிக்க வேண்டும். தணிக்கைச் சேவையாகிய 'ஆடிட்-டி'யில் இரண்டுக்கும் வழி உண்டு. மதிப்பெண் பட்டியலுக்கு ஒரு விடையும் சம்பளப் பட்டியலுக்கு வேறு விடையும் பொருந்தக்கூடும்.

பதிவேட்டுக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதில் இந்தியாவில் ஊகத்துக்கு இடமில்லை. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-பி பிரிவின்கீழ் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி வெளியிட்ட உத்தரவு, பதிவேடுகளை 180 நாட்களுக்குத் தொடர்ந்து பாதுகாக்க வேண்டுமென்றும், குறிப்பிட்ட வகை விபரீதங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. ஆனால் டெபியனில் பழைய பதிவேடுகளைச் சுழற்றும் 'லாக்ரொடேட்' நிரல், வாரத்துக்கு ஒரு சுழற்சியாக நான்கு வாரப் பழைய பதிவேடுகளையே வைத்துக்கொள்ளும்படி அமைந்து வருகிறது. 180 நாட்களுக்கு அந்த எண் 26 ஆதல் வேண்டும். 'ஜர்னல்-டி' என்னும் சேவையோ, தான் இருக்கும் பிரிவில் பத்தில் ஒரு பங்கை, அதுவும் 4 கிகாபைட்டுக்கு மேற்படாமல் எடுத்துக்கொண்டு, அதற்குமேல் பழையவற்றை அழித்துவிடும். ஒரு சர்வர் நாளொன்றுக்கு 200 மெகாபைட் எழுதுவதாகக் கொண்டால், 4 கிகாபைட் இருபது நாட்களுக்கே போதும். 180 நாட்களுக்கு 36 கிகாபைட் தேவை. நிறுவும் நிரல் தந்த அமைப்பை அப்படியே விட்டு வைத்தவர், விசாரணை வரும் நாளில் காட்டுவதற்குப் பதிவேடு இல்லாமல் நிற்க நேரும்.

கோப்பின் இரண்டாம் பெயர்

இரண்டாவது அபாயம் சற்று நுட்பமானது. சாதாரணப் பயனர் தம் கடவுச்சொல்லை மாற்ற விரும்பினால், ரூட்டுக்கு மட்டுமே உரிய கோப்பில் எழுத வேண்டியுள்ளது. இதற்காக டென்னிஸ் ரிட்சி ஓர் உபாயம் கண்டார். நிரல் கோப்பின்மேல் ஓர் அடையாளம் இட்டுவிட்டால், அதை யார் இயக்கினாலும் அக்கோப்பின் உரிமையாளருக்குள்ள அதிகாரத்துடன் அது இயங்கும். 'செட்யூஐடி' என்னும் இதற்கு 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். மிகப் பயனுள்ள உபாயம். அதே அளவு ஆபத்தும் உள்ளது. இத்தகைய நிரலில் ஒரு பிழை இருந்தால், அதைப் பயன்படுத்தி எவரும் ரூட்டின் அதிகாரத்தைப் பெறலாம்.

இனி, பிழை கண்டுபிடிக்கப்பட்டுப் புதிய பதிப்பு வருகிறது. நிர்வாகியும் தவறாமல் நிறுவுகிறார். பழைய கோப்பு அழிந்துவிட்டதென்று அவர் நம்புகிறார். ஆனால் யூனிக்ஸ் முறையில் ஒரு கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம். 'ஹார்டு லிங்க்' எனப்படும் இப்பெயர்களுள் கடைசிப் பெயரும் நீங்கினாலன்றிக் கோப்பு அழியாது. தீய நோக்கமுள்ள பயனர் ஒருவர் அந்தப் பழைய நிரலுக்குத் தம் சொந்தக் கோப்பகத்தில் முன்னதாகவே ஓர் இரண்டாம் பெயர் சூட்டி வைத்திருந்தால், பிழையுள்ள நிரல் ரூட்டின் அதிகார அடையாளத்தோடு அங்கே உயிருடன் இருக்கும். பயனர்களின் 'ஹோம்' கோப்பகம் தனிப் பிரிவில் இருப்பின் இது நடவாது. 1974-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கண்ட பழைய தடை இங்கே காவலாகிறது. 2012-இல் வெளியான லினக்ஸ் 3.6 பதிப்பிலிருந்து, பிறர் கோப்புக்கு இவ்விதம் பெயர் சூட்டுவதைத் தடுக்கும் ஏற்பாடு கெர்னலிலேயே வந்துவிட்டது. எனினும் பழைய பதிப்புகளை இன்றும் இயக்கிவரும் அலுவலகங்களில் வரப்பையே நம்ப வேண்டியுள்ளது.

பிரிவுக்கேற்ற விதிகள்

பிரித்ததன் முழுப் பயன், ஒவ்வொரு பிரிவையும் பொருத்தும்பொழுது விதிக்கும் நிபந்தனைகளாலேயே கிட்டும். இவை 'எஃப்எஸ்டேப்' என்னும் கோப்பில் ஒரு பிரிவுக்கு ஒரு வரியாக எழுதப்படுகின்றன. 'நோசூயிட்' என்று எழுதினால், அப்பிரிவில் உள்ள எந்த நிரலிலும் மேற்கூறிய அதிகார அடையாளம் செல்லாது. 'நோடெவ்' என்றால், சாதனங்களைக் குறிக்கும் விசேஷக் கோப்புகள் அங்கே பயனற்றுப் போகும். வட்டையே நேராகப் படிக்க உதவும் போலிச் சாதனக் கோப்பை எவரும் நுழைக்க முடியாது. 'நோஎக்செக்' என்றால் அங்குள்ள நிரல்களை நேரே இயக்க இயலாது. 'ஆர்ஓ' என்றால் படிக்கலாம், எழுத முடியாது. பெல் கூடத்தில் பயனர்கள் தத்தம் வட்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்ததைப் போல இன்று ஒவ்வொருவர் பையிலும் ஒரு பென் டிரைவ் உள்ளது. தம் வீட்டுக் கணிப்பொறியில் தாமே ரூட்டாக இருந்து அதிகார அடையாளம் இட்ட நிரலை ஒருவர் அதில் கொண்டுவரலாம். முதலிரண்டு நிபந்தனைகளும் அதனைச் செயலற்றதாக்கும்.

ஹோம் கோப்பகத்துக்கு முதலிரண்டும், 'டெம்ப்' எனப்படும் தற்காலிகக் கோப்பகத்துக்கு முதல் மூன்றும் பொருத்தமானவை. எவரும் எழுதக்கூடிய இடமாகையால், நுழைந்தவர் தம் நிரலை முதலில் இறக்கி வைப்பது பெரும்பாலும் டெம்ப் கோப்பகத்தில்தான். ஆயினும் நோஎக்செக் நிபந்தனையை அரண் என்று கருதலாகாது, அது வேலியே. அங்குள்ள கட்டளைக் கோப்பை ஷெல்லுக்குப் படிக்கக் கொடுத்தால் ஷெல் அதை நிறைவேற்றிவிடும், ஏனெனில் இயங்குவது வேறிடத்தில் உள்ள ஷெல். முற்காலத்தில் இருமக் கோப்புகளையும் நிரலேற்றியின் வழியே இவ்வாறு இயக்க முடிந்தது, லினக்ஸ் 2.4.25, 2.6.0 பதிப்புகள் முதல் அந்த வழி அடைபட்டது. வேலியால் சொந்த மாடும் தடைப்படுவதுண்டு: டெபியனில் புதிய நிரல்களை நிறுவும்பொழுது சில முன்னேற்பாட்டுக் கட்டளைகள் டெம்ப் கோப்பகத்திலிருந்தே இயங்குவதால், நிறுவல் முறையிட்டு நிற்கும். அதற்கு வேறொரு தற்காலிக இடத்தைக் குறித்துக் கொடுத்தால் போதும். தொல்லையென்று நிபந்தனையையே நீக்கிவிடுவோர் பலர்.

எழுத முடியாத பிரிவின் சிறப்பை ஒவ்வொருவரும் தம் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இயக்க முறைமை எழுதவொண்ணாத தனிப் பிரிவில் உள்ளது. ஆப்பிள் நிறுவனமும் 2019-ஆம் ஆண்டின் மேக் பதிப்பு முதல் அதே வழியைக் கைக்கொண்டது.

அளவும் எல்லையும்

வரப்பு மிகுந்தால் விளைநிலம் குறையும். மிகப் பல பிரிவுகள் செய்து ஒவ்வொன்றையும் இறுக்கமாக அளந்தவர், ஓராண்டுக்குள் ஒன்று நிறைந்தும் மற்றது காலியாகவும் கிடப்பதைக் காண்பார். இதற்கு எல்.வி.எம். எனப்படும் தர்க்கப் பிரிவு முறை பரிகாரமாகும். தொடக்கத்தில் தேவையானதை மட்டும் கொடுத்து, எஞ்சியதை எப்பிரிவுக்கும் உரிமையாக்காமல் வைத்திருந்து, நிறையும் பிரிவுக்கு இயந்திரத்தை நிறுத்தாமலே கூட்டிக் கொடுக்கலாம். எடுத்துக்காட்டாக 500 கிகாபைட் வட்டில் ரூட்டுக்கு 40, வாருக்கு 150, பதிவேட்டுக்கு 50, ஹோமுக்கு 100, டெம்பிற்கு 10, இடமாற்று நினைவகத்துக்கு 8 எனக் கொடுத்தால் சுமார் 140 கிகாபைட் கையிருப்பாக நிற்கும். பெரிதாக்குவது எளிது, சிறிதாக்குவது அரிது. எக்ஸ்ட்4 பிரிவைக் கழற்றிய பின்னரே குறுக்கலாம், எக்ஸ்எஃப்எஸ் பிரிவைக் குறுக்க முடியாதென்றே வைத்துக்கொள்ள வேண்டும். 'யூஎஸ்ஆர்' கோப்பகத்தைத் தனிப் பிரிவாக்கும் பழைய வழக்கத்தை இப்பொழுது கைவிடுவதே நல்லது. இயந்திரம் தொடங்குவதற்கு வேண்டிய நிரல்களெல்லாம் ஃபெடோராவில் 2012 முதலும், டெபியனில் 2023-இன் 12-ஆம் பதிப்பில் கட்டாயமாகவும் அதனுள் சேர்ந்துவிட்டன. வட்டின் பிரிவு அட்டவணையைப் பொறுத்தவரை, 1983-இல் வந்த எம்.பி.ஆர். முறை நான்கு முதன்மைப் பிரிவுகளையே ஏற்கும், ஜி.பி.டி. முறை பொதுவாக 128 வரை ஏற்பதுடன் அட்டவணையின் நகலொன்றை வட்டின் இறுதியிலும் வைக்கிறது. புதிய சர்வரில் பின்னதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரூட்டின் அதிகாரத்தை ஏற்கெனவே பெற்றுவிட்டவரை எந்த வரப்பும் நிறுத்தாது. அவர் நிபந்தனைகளை மாற்றி மீண்டும் பொருத்திக்கொள்வார். வட்டு பழுதுபட்டால் எல்லாப் பிரிவுகளும் ஒருங்கே போகும்; ஆகவே நகலெடுப்பு வேறு வட்டில், கூடுமானால் வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். வட்டையே ஒருவர் எடுத்துச் சென்றால், மறையாக்கம் செய்திருந்தால் மட்டுமே தகவல் காப்பாற்றப்படும்.

ஆசிரியர்கள் இவற்றை வட்டைத் தொடாமலே மாணவர்க்குக் காட்டலாம். ரூட்டின் அதிகாரம் தேவையாகையால், மெய்நிகர் கணிப்பொறி ஒன்றில் செய்வது நலம். 100 மெகாபைட் அளவுள்ள வெற்றுக் கோப்பு ஒன்றை உண்டாக்கி, அதனையே எக்ஸ்ட்4 முறையில் வடிவமைத்து, 'லூப்' சாதனத்தின் வழியே நோஎக்செக் நிபந்தனையுடன் ஒரு கோப்பகத்தில் பொருத்த வேண்டும். அதில் எழுதும் உரிமையைச் சாதாரணப் பயனர் ஒருவருக்குக் கொடுத்து, இடமில்லை என்ற அறிவிப்பு வரும்வரை அவர் பெயரில் நிரப்பச் செய்க. அப்பொழுது 'டிஎஃப்' கட்டளை இந்தச் சிறு பிரிவு நிறைந்திருப்பதையும், தாய் வட்டு அசையாமலிருப்பதையும் அடுத்தடுத்த வரிகளில் காட்டும். அதே பிரிவில் ரூட்டாக எழுதிப் பார்த்தால், நூற்றுக்கு ஐந்து ஒதுக்கீடு இன்னும் இருப்பது தெரியும். பின்னர் நிரப்பியதை நீக்கிவிட்டு, ஒரு வரியில் பெயரை அச்சிடும் கட்டளைக் கோப்பு ஒன்றையும், 'எல்எஸ்' நிரலின் நகலையும் அங்கே வைத்து நேரே இயக்கினால், இரண்டுக்கும் அனுமதி மறுக்கப்படும். கட்டளைக் கோப்பை ஷெல்லின் வழியே இயக்கினால் பெயர் திரையில் தோன்றும். நிரலேற்றியின் வழியே இயக்கிய எல்எஸ் நகலோ மீண்டும் மறுக்கப்படும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமைக்குக் காரணம் என்னவென்று மாணவர்களையே கேட்கலாம்.